மூன்று படி குறைத்துச் சொன்ன இர்மினா

இர்மினா டீச்சரின் பெயரைக் கேட்டால் இன்னும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நாலு வருஷம் ஆகியும் ஆறவில்லை. பதினோரு வாரத்துக்கு முன்னால் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கலினா என்று பெயர். கண் படாமலிருக்கத் தள்ளுவண்டியில் சிவப்பு நாடா கட்டி, தினமும் காலையில் நான்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். ஊரே குனிந்து வண்டிக்குள் பார்க்கிறது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். இவ்வளவு நல்ல காலத்தில் அந்தப் பழைய கதை எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். வழியில் டீச்சரைப் பார்க்காமல் இருந்தால் நானும் விட்டிருப்பேன். தினமும் பார்க்கிறேனே!

டீச்சர் பிறந்தது போலந்தில் எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற நரெவ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், உருளைக்கிழங்கு போடுகிற குடும்பத்தில். அந்தக் குடும்பத்தில் முதலில் படித்தது அவள்தான். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினைந்து வருஷம் ருஷ்ய மொழி சொல்லிக் கொடுத்தாள். கம்யூனிஸ்ட் ஆட்சி போய் வேறு ஆட்சி வந்தது. ருஷ்யம் ஒருத்தருக்கும் வேண்டாத சரக்காகிவிட்டது. ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, "அடுத்த வருஷத்துலேர்ந்து நீங்க இங்கிலீஷ் எடுக்கணும், முடியாதுன்னா வீட்டுக்குப் போகலாம்" என்றார். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. சாயங்கால வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். பக்கத்து பெஞ்சில் அவளிடமே படித்த பையன்கள். திங்கட்கிழமை அவள் கற்றுக்கொண்டதைச் செவ்வாய்க்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அசரவில்லை. பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்தை நான் மதித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் ஊரில் பழத்தை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலை ஒன்று உண்டு. நான் அங்கே குளிர் அறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அதை ஒரு இங்கிலீஷ் கம்பெனி வாங்கியது. பிரெஸ்காட் என்று ஒருவரை மேலாளராக அனுப்பினார்கள். நாங்கள் அவரைத் 'துரை' என்போம், முதுகுக்குப் பின்னால்தான். துரைக்குப் போலிஷ் தெரியாது, எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தாள்.

எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று இருக்கிறது. எப்படி இருக்கீங்க என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று ஒருத்தரும் சொல்லமாட்டோம். "என்னத்த, பழைய பீடைதான்" என்போம். லாட்டரி விழுந்தாலும் அப்படித்தான். நல்லா இருக்கேன் என்று ஒருவன் சொன்னால் எங்கேயோ திருடியிருக்கிறான் என்றுதான் நினைப்போம். சின்ன விஷயம் கெட்டாலும் எங்களுக்கு 'த்ரகேதியா'தான். மழை பெய்தால் த்ரகேதியா, சூப்பில் உப்பு கூடினால் த்ரகேதியா. அழிவு, நாசம், குடி முழுகிவிட்டது என்று அர்த்தம்.

துரை வந்த முதல் வாரம் பேக்கிங் பிரிவில் ஹலினா, "த்ரகேதியா! த்ரகேதியா!" என்று கத்தினாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் இங்கிலீஷ் 'டிராஜெடி' மாதிரியே இருந்ததால் துரைக்குப் புரிந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்தார். பார்த்தால் ஒட்டுகிற டேப் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். துரைக்கு முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே டீச்சரைக் கூப்பிட்டு, "உங்கள் ஆட்களுடைய நாடகம் எனக்கு வேண்டாம். எது எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்கு மட்டும் சொல்லுங்கள்" என்றாராம்.

அதற்குப் பிறகுதான் அந்த நோட்டுப் புத்தகம் வந்தது. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் போலிஷ். தர்மசங்கடம், இக்கட்டு, சிக்கல், மாட்டிக்கொண்டது, மானம்போனது என்று கஷ்டத்துக்கு உள்ள வார்த்தைகள் மட்டும் அதில் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீச்சர் வாசித்துக் காட்டுவாள். இங்கிலீஷ்காரர்கள் வசமாக மாட்டிக்கொண்டால் ஊறுகாய்க்குள் இருக்கிறேன் என்பார்களாம், ஜாமுக்குள் இருக்கிறேன் என்பார்களாம். நாங்கள் அதே இடத்தில் பீகோஸ் கிண்டிவிட்டான் என்போம். பீகோஸ் என்பது முட்டைக்கோசும் இறைச்சியும் போட்டு மூன்று நாள் கொதிக்கவைக்கிற எங்கள் ஊர்க் குழம்பு. "ரெண்டு பேரும் அடுப்படியிலதான்டா மாட்டிக்கிறோம்" என்று நாங்கள் சிரிப்போம்.

ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் ஒரு எண் போட்டிருந்தாள்.

"என்ன டீச்சர், பழைய ஞாபகத்துல வார்த்தைக்கும் மார்க் போடறீங்களா?" என்று கேட்டேன்.

"மார்க்தான் போலெக். நம்ம ஆளுங்க ஒம்போதுன்னு கத்தினா துரைகிட்ட ஆறுன்னு சொல்றேன். ஏழுன்னா நாலு. மூணு படி குறைச்சுட்டா கணக்கு சரியா வருது. 'த்ரகேதியா'ன்னா அவங்க பாஷையில 'ஆக்வர்ட்', அதாவது கொஞ்சம் சங்கடம். அவ்வளவுதான்."

"அப்ப நாலுன்னு சொல்றவனுக்கு?"

"நம்ம ஊர்ல நாலுன்னு சொல்றவன் எவன் இருக்கான், காட்டுங்க பாப்போம்!"

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வாய் கசக்கிறது. ஏனென்றால் அப்படி ஒருவன் இருந்தான். அதே மேஜையின் கோடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

செவெரின் என் சிநேகிதன். என் கல்யாணத்தில் எனக்குத் துணை மாப்பிள்ளையாக நின்றவன். அவனுக்குப் புலம்பத் தெரியாது. அவன் அப்பா செத்த அன்றைக்கு என்னிடம், "நாளைக்கு வரமுடியாது, வீட்ல ஒரு வேலை" என்றுதான் சொன்னான். பல் ராவெல்லாம் வலித்தால் "லேசா இருக்கு" என்பான். மற்றவன் ஊரைக் கூட்டுகிற இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்வான். அந்த ஒரு வார்த்தையைப் பல படி கூட்டித்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். எனக்கு இது தெரியும். டீச்சருக்கு நான் சொல்லவில்லை.

எங்கள் வேலையில் வாரம் ஒருமுறை பழுதுப் பதிவேடு எழுதவேண்டும். எது உடைந்தது, எது ஓடவில்லை என்று அவரவர் போலிஷில் எழுதுவார்கள். டீச்சர் அதை இங்கிலீஷில் ஒரு தாளாக்கி துரைக்குக் கொடுப்பாள். தாளில் பெரியதாக இருப்பதை உடனே சரிசெய்வார்கள், சின்னதெல்லாம் சீசன் முடிந்த பிறகு. தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதி நான். அந்தத் தாளில் திங்கட்கிழமைதோறும் என் கையெழுத்தும் வேண்டும். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியாது. எட்டு வருஷம் போட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மே மாசம் செவெரின் எழுதினான்: மூணாம் நம்பர் குளிர் அறைக் கதவில் தொல்லை. அடுத்த வாரமும் அதையே எழுதினான். அதற்கடுத்த வாரமும். குளிர் அறைக் கதவு சும்மா கதவு இல்லை. மேலே தண்டவாளம் மாதிரி இரும்பில் உருளையில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது, நாலு ஆள் சேர்ந்தாலும் தூக்கமுடியாது. உருளை தேய்ந்துவிட்டிருந்தது. மூன்றாவது வாரம் என்னிடம் நேராகவே சொன்னான்.

"போலெக், அந்தக் கதவு சரியில்ல."

"எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்ப பாத்துப்பாங்க."

ஜூன் மாசம், ஸ்ட்ராபெரி லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கிற நேரம். காலை பத்தரை மணி. நான் நாலாம் நம்பர் அறையில் இருந்தேன். தரை அதிர்ந்தது. கதவு தண்டவாளத்திலிருந்து கழன்று, தூணோடு சேர்த்து அவன் வலது கையை நசுக்கிவிட்டது. அப்போதும் அவன் கத்தவில்லை. "போலெக், இத கொஞ்சம் தள்ளு" என்றான். ஆறு பேர் சேர்ந்து தள்ளினோம். மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

விபத்து நடந்தால் அறிக்கை எழுதவேண்டும். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியும் நானும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனுஷன், யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். ஒரு வரியைத் தட்டச்சு அடித்தே கொண்டுவந்துவிட்டார். 'பழுது ஆபத்தானது என்பதைத் தொழிலாளி முறையாகத் தெரிவிக்கவில்லை. தெரிந்தே அந்தக் கதவை இயக்கினார். முழுக்க அவரது கவனக்குறைவே காரணம்.' இதில் நான் கையெழுத்துப் போட்டால் செவெரினுக்கு ஊனமுற்றவருக்கான ஓய்வூதியம் கிடையாது. நாற்பத்தொன்பது வயசில், ரெண்டு விரலோடு, தன் கையைத் தானே கெடுத்துக்கொண்ட முட்டாள் என்று காகிதத்தில் பெயர் நிற்கும்.

"எங்கேர்ந்து வந்தது இது? அவன் மூணு வாரம் எழுதினானே!" என்று கத்தினேன்.

அதிகாரி இங்கிலீஷ் தாள்களை எடுத்து வைத்தார். மூன்று தாளிலும் கதவுக்கு ஒரே வரி. இங்கிலீஷ் பேச்சு பிடிபடாவிட்டாலும் அகராதியை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர், அவரே படித்துச் சொன்னார். "கதவு, சிறு அசௌகரியம், அவசரம் இல்லை." கீழே என் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பதிவேட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். கேக் வெட்டி வைத்தாள். நான் தொடவில்லை. ரெண்டையும் மேஜையில் போட்டேன்.

"படிங்க."

படித்தாள். முகம் மாறிவிட்டது. ஆனால் அவளுக்கு முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"தொல்லைன்னுதானே எழுதியிருக்கார். ஆபத்துன்னு எழுதலயே."

"அவன் செவெரின் டீச்சர்! அவன் தொல்லைன்னு எழுதினா கதவு கழுத்துமேல நிக்குதுன்னு அர்த்தம்!"

"எனக்கு எப்படித் தெரியும்? ஹலினா போன மாசம் கைகழுவற குழாய்ல சொட்டுதுன்னு 'பேரழிவு'ன்னு எழுதினா. அத அப்படியே துரைகிட்ட குடுத்தா என்ன ஆகும்? நம்மள கோமாளின்னு நெனைப்பாங்க. உங்க எல்லாருக்காகவும்தான் குறைச்சேன். எட்டு வருஷமா உங்க மரியாதைய நான்தான் காப்பாத்திட்டு வந்தேன்!"

"எவன் கேட்டான் மரியாதைய? அவன் எழுதினதே ஒரு வரிதான். அதுல இருந்த ஒரே வார்த்தையையும் புடுங்கிட்டீங்க! ஆளு யாருன்னு ஒரு தடவை பேர பாத்தீங்களா? கீழ இறங்கி வந்து அந்தக் கதவ ஒரு தடவை தள்ளிப் பாத்தீங்களா?"

"நீங்க பாத்தீங்களா? உங்ககிட்ட அவர் சொல்லவே இல்லயா? கையெழுத்து யாருது?"

 நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பாலில் தண்ணீர் கலந்த பால்காரியைத் திட்டுகிற மாதிரி இன்னும் ரெண்டு வார்த்தை திட்டினேன், இங்கே எழுதமுடியாது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன். படிக்கட்டில் ரெண்டு ரெண்டு படியாக இறங்கி ஓடினேன். அவள் சொன்னது பொய்யாக இருந்தால் அப்படி ஓடியிருக்கமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை அறிக்கையை முடிக்கிற கூட்டம். துரை, அதிகாரி, நான், மொழிபெயர்க்க டீச்சர். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். துரை மெதுவாக, தேன் தடவின மாதிரி பேசினார். டீச்சர் சொன்னாள்: "தொழிலாளி எழுதின வார்த்தைக்கு இங்கிலீஷ்ல சரியான அர்த்தம் என்னன்னு எங்கிட்ட கேக்கறார். அசௌகரியம்னு நான் உறுதிப்படுத்தினா அறிக்கை முடிஞ்சுரும்ங்கறார்."

அவள் ஆமாம் என்றால் போதும், அவள் வேலை தப்பிக்கும், அதிகாரி அடித்த வரியும் அப்படியே நிற்கும், செவெரினின் ஓய்வூதியம் போகும். 

டீச்சர் கைப்பையைத் திறந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். துரையைப் பார்த்து இங்கிலீஷில் பேசினாள். பேசி முடித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி அதையே போலிஷில் சொன்னாள். குரல் கல் மாதிரி இருந்தது.

"செவெரின் எழுதினத நான் குறைச்சு எழுதினேன். எல்லார் எழுதினதையும் குறைச்சுத்தான் எழுதினேன், எட்டு வருஷமா. எவ்வளவு குறைக்கணும்னு இந்த நோட்டுல இருக்கு. துரை கேட்டார், நான் செஞ்சேன். கத்தாதவன் சொன்னதையும் கத்தறவன் சொன்னது மாதிரியே வெட்டிட்டேன். கதவு ஆபத்துன்னு அவர் மூணு வாரம் சொன்னார். அது மாடிக்கு வரல. வரவிடாம செஞ்சது நான்."

துரைக்குக் கழுத்து சிவந்தது. ஏதோ சொன்னார். டீச்சர் உடனே மொழிபெயர்த்தாள். "பாதுகாப்பு விஷயத்த குறைச்சு எழுதச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லங்கறார்." அப்புறம் அவளாகவே, "பாதுகாப்ப விட்டுட்டு மத்தத மட்டும் குறைன்னும் சொன்னதில்ல. ஓடிவந்து அசிங்கப்பட்டதுலேர்ந்து அவருக்குக் காதுல எதுவும் பெரிசா விழக்கூடாது. நானும் விழவிடல" என்றாள். இதையும் இங்கிலீஷில் அவரிடமே சொன்னாள்.

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. "டீச்சர், இத நான் எழுதினா உங்க வேலை போயிரும். யோசிச்சுக்கோங்க" என்றார்.

"எழுதுங்க."

துரை நாற்காலியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு வரி சொன்னார். அதில் ஒரு வார்த்தை எனக்கே தெரிந்தது. 'ஆக்வர்ட்'. அதிகாரி டீச்சரைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று.

"இத நான் மொழிபெயர்க்க மாட்டேன்" என்றாள் டீச்சர். "மூணு விரல் போனவன் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். அதுக்கு இவர் சொல்ற வார்த்தைய நம்ம பாஷையில என் வாயால சொல்லமாட்டேன். வேணும்னா அவரே கீழ இறங்கிப் போய் அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டும்."

நோட்டை எடுத்துக்கொள்ளாமலே வெளியே போனாள்.

அறிக்கை மாறியது. கதவின் பழுதுதான் காரணம், தொழிலாளி மூன்று முறை தெரிவித்தார், தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று எழுதினோம். நோட்டும் அறிக்கையோடு போயிற்று. செவெரினுக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்தது, விரல் தவிர. அந்த வெள்ளிக்கிழமையே டீச்சருக்குச் சீட்டுக் கிழித்தார்கள். துரைக்கு என்ன ஆனது? இதைவிடப் பெரிய தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். வழியனுப்ப ஆபீசில் கேக் வெட்டினார்களாம். எனக்கும் ஒரு துண்டு அனுப்பினார்கள். குப்பைத்தொட்டியில் போட்டேன்.

டீச்சருக்கு அப்புறம் எந்த ஆபீசும் வேலை கொடுக்கவில்லை. இப்போது பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். நல்ல காரியம் செய்தாளே, மன்னித்துவிடக்கூடாதா என்று என் மனைவி கேட்கிறாள். கடைசியில் உண்மையைச் சொன்னாள், சரி. முதலில் சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கு ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவான். என் கோபம் எனக்கு.

அவள் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு ரெண்டு வழி. தினமும் அவள் செவெரின் குடியிருக்கிற கட்டடம் வழியாகத்தான் போகிறாள். கீழ்த்தளத்து ஜன்னலில் தலையணையைப் போட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டு அவன் மனைவி ஒத்திலியா நின்றிருப்பாள். டீச்சர் தலை தெரிந்ததும் ஆரம்பித்துவிடுவாள்.

"வந்துட்டியா? பத்து விரலும் பத்திரமா இருக்குதா? என் புருஷனுக்குச் சட்டைப் பொத்தான் நான் போட்டுவிடறேன்டி! ரொட்டிக்கு வெண்ணெய் நான் தடவித் தரேன்! நகம் வெட்டிவிடறேன், மிச்சம் இருக்கற ரெண்டுக்கு! நாலு வருஷமா அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல, அதனால நான் சொல்றேன், கேட்டுக்கோ! படிச்சவளாம், டீச்சராம்! உன் படிப்பக் கொண்டுபோய் ஆத்துல போடு!"

முதல் வருஷம் அவளை டீச்சர், நீங்க என்று சொல்லித்தான் திட்டினாள். இப்போது நீ, டி எல்லாம் வந்துவிட்டது. டீச்சர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நேரே நிற்பாள். பதில் பேசமாட்டாள். தலையும் குனியமாட்டாள். ஒத்திலியா முடித்து ஜன்னலைச் சாத்தின பிறகுதான் நகர்வாள்.

போன வாரம் நான் தள்ளுவண்டியோடு அங்கே மாட்டிக்கொண்டேன். ஜன்னல் சாத்தியதும் டீச்சரிடம் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவளிடம் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஆத்தோரமா ஒரு வழி இருக்கில்ல? அஞ்சு நிமிஷந்தான் கூட. எதுக்கு தினமும் இங்க வந்து வாங்கிக் கட்டிக்கறீங்க?"

"அவ சொல்றத யாராவது ஒருத்தர் முழுசா கேக்கணும் போலெக்" என்றாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.  டிக்கெட் ஜன்னல் திறக்க நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

மறுநாளும் நான் அந்த வழியாகவே போனேன். ஜன்னல் திறந்தது, ஒத்திலியா ஆரம்பித்தாள். டீச்சருக்கு ஒரு கஜம் தள்ளி வண்டியை நிறுத்தினேன். ஒத்திலியா என்னைப் பார்த்துவிட்டுக் கத்துவதை நிறுத்தினாள்.

"நீ ஏன் நிக்கற போலெக்? பச்சக் குழந்தை பயந்துக்கும், கூட்டிட்டுப் போ."

"அந்தத் தாள்ல எல்லாம் கையெழுத்துப் போட்டது நான்தான் ஒத்திலியா. உன் புருஷன் எங்கிட்ட வாய்விட்டுச் சொன்னான், பாத்துப்பாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.

 தலையணையை இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"அப்படியா," என்றாள். "அப்ப நீயும் கேளு."

கலினா விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வண்டியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே, முடிகிறவரைக்கும் நின்று கேட்டேன்.